விருந்தாளித் தண்ணீர்

எங்கள் ஊர் வீடுகளில் அப்போது இரண்டு தண்ணீர் இருந்தது. ஒன்று வீட்டுக்காரர்கள் குடிப்பது. தெருக்குழாயில் வரும், உப்புக் கரிக்கும். இன்னொன்று விருந்தாளித் தண்ணீர். ஊருக்குக் கிழக்கே ஒன்றரை மைல் இறங்கினால் ஆற்றோரம் பஞ்சாயத்து பிரசிடெண்டின் தென்னந்தோப்பு. அந்தத் தோப்புக் கிணற்றுத் தண்ணீர் இளநீருக்குத் தங்கச்சி. அதை ஒரு குடம் சுமந்து வந்து, வாயில் துணி கட்டி, அடுப்படி மூலையில் வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் அதிலிருந்துதான் ஒரு செம்பு. வீட்டுப் பிள்ளை மறந்துபோய் அதில் டம்ளரை விட்டால் முதுகில் இரண்டு விழும்.

பிரசிடெண்ட் கருமி இல்லை. ஆனால் ஊரே வந்து மொண்டால் தென்னைக்கு அவர் எதைப் பாய்ச்சுவார்? வீட்டுக்கு வாரம் ஒரு குடம் என்பது எழுதாத சட்டம். மயிலாடும்பாறைக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருக்கிற ஊர் எங்களுடையது. கண்ணெதிரே மலை இருக்கும், மலைமேல் மேகம் இருக்கும், மழை மட்டும் எங்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேரளாப் பக்கம் போய்விடும். உப்போ கரிப்போ, குழாயில் தண்ணீர் வருவதே பெரிய காரியம் என்று இருந்த எழுபதுகள் அவை.

அந்தக் குழாய்க்கு நான்தான் அதிகாரி. அதாவது, பம்ப் ஆபரேட்டர். காலையில் மோட்டாரைப் போட வேண்டும், மேல்நிலைத் தொட்டி வழிந்தால் ஓடிப்போய் நிறுத்த வேண்டும், வாரம் ஒருமுறை பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு அரை நாள் தும்ம வேண்டும். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் என்பதால் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. ஒரு நாள் ஆண்டிபட்டி யூனியன் ஆபீசிலிருந்து ஓவர்சியர் வந்து, ஒரு பெரிய கண்ணாடி பாட்டிலையும் ஒரு கட்டு அச்சடித்த பாரத்தையும் என் கையில் கொடுத்தார்.

“மூணு மாசத்துக்கு ஒருக்கா இதுல தண்ணி புடிச்சு, மூடி, அரக்கு வச்சு, பாரத்தை நிரப்பி ஆபீசுல கொண்டாந்து குடுக்கணும். மதுரை லேபுல பரிசோதிச்சு ரிப்போர்ட் குடுப்பாக. அதை ஜனங்க பாக்குற மாதிரி போர்டுல ஒட்டணும். புரிஞ்சுதா?”

புரிந்தது என்று தலையை ஆட்டினேன். எந்தத் தண்ணீர் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு ஊருக்கு ஒரு தண்ணீர்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருப்பார். திரும்பிப் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் குடையை இடுக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

முதல் தடவை நான் பாட்டிலைத் தெருக்குழாயடிக்குத்தான் கொண்டு போனேன். அந்த வழியாக வந்த பிரசிடெண்ட் நின்றார்.

“என்னப்பா செய்யப் போற?”

“தண்ணி புடிக்கப் போறேண்ணே. மதுரைக்கு.”

கல்யாணத்துக்கு வந்தவர்கள் இலையில் பழைய சோற்றைப் போடப் போகிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். “ஏலே, வெளியூருக்குப் போற தண்ணி. பெரிய பெரிய படிப்புப் படிச்சவுக மோந்து பாப்பாக, வாயில ஊத்திக்கூடப் பாப்பாக. அவுகளுக்கு உப்புத் தண்ணியவா குடுப்ப? ஊரைப் பத்தி என்ன நெனைப்பாக? போ, தோப்புக்குப் போ.”

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஏமாற்று இருப்பதாக எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. விருந்தாளிக்கு எந்தத் தண்ணீர் கொடுப்பது என்பதில் எங்கள் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. மதுரை லேப் என்கிற விருந்தாளி வீட்டுக்கு வரவில்லை, தண்ணீர்தான் அங்கே போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சைக்கிளில் தோப்புக்குப் போய்ப் பாட்டிலை நிரப்பி, அரக்கை உருக்கி ஊற்றி விரலையும் சுட்டுக்கொண்டு, பாரத்தை விரித்தேன். நிறம்: இல்லை. மணம்: இல்லை. சுவை: மிக நன்று. ‘மாதிரி எடுத்த இடம்’ என்ற கட்டத்தில்தான் பேனா கொஞ்சம் நின்றது. ‘கிணறு’ என்று எழுதினேன். குழாயில் வருவதும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தானே. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மதுரையிலிருந்து ரிப்போர்ட் வந்தது. ‘குடிக்க உகந்தது’ என்று டைப் அடித்து, கீழே ஒரு முத்திரை. பஞ்சாயத்து ஆபீஸ் வாசல் போர்டில் நாலு மூலையிலும் பசை தடவி ஒட்டினேன். பிரசிடெண்ட் இரண்டு தடவை படித்தார். சர்க்கார் எங்கள் ஊரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்து வந்த ரிப்போர்ட்டும் நன்று, அதற்கடுத்ததும் நன்று. ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி ஒட்டி, போர்டே தடித்துவிட்டது.

இந்தக் காகிதத்தால் வேறொரு நன்மை வந்தது. ‘உப்புத் தண்ணி ஊருக்குப் பொண்ணு குடுக்காதே’ என்பது எங்கள் சீமையில் பழைய பேச்சு. எங்கள் ஊர்ப் பையன்களுக்குப் பெண் அமைவதற்குள் பாதித் தலை நரைத்துவிடும். இப்போது மாப்பிள்ளை வீடு பார்க்க யார் வந்தாலும் பிரசிடெண்ட் அவர்களை நேரே போர்டுக்குக் கூட்டிப் போனார். “படிச்சுப் பாருங்க. நாங்க சொல்லல, மதுரையில சொல்லியிருக்காக” என்பார். பிறகு வீட்டில் ஒரு செம்பு விருந்தாளித் தண்ணீர். காகிதமும் தண்ணீரும் ஒத்துப்போகும். வந்தவர்கள் வாயைத் துடைத்துக்கொண்டு தாம்பூலம் மாற்றுவார்கள். அப்படிக் கடைத்தேறியவர்களில் நானும் ஒருவன்.

எனக்குப் பார்த்த பெண் சின்னமனூர்ப் பக்கம். அங்கெல்லாம் வாசலிலேயே வாய்க்கால் ஓடும். முல்லையாற்றுத் தண்ணீரில் பல் துலக்கி வளர்ந்தவர்கள். என் மாமனார் ஆகப் போகிறவர் இரண்டு போகம் நெல் விளைகிற வயலுக்குச் சொந்தக்காரர், ஆளும் அதற்கேற்ற மாதிரி நிதானமானவர். எங்கள் வீட்டுக்கு வந்தார், ஓட்டை உடைசலைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தண்ணீர் பற்றி மட்டும் நாலு பேர் முன்னால் என்னிடம் நேராகக் கேட்டார்.

“மாப்ளே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்கிடாதீக. இந்தப் பக்கம் தண்ணி உப்புன்னு சொல்றாகளே?”

நான் எழுந்து போய் ரிப்போர்ட்டின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். அடுப்படிக்குப் போய், மூலைக் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு, டம்ளரில் நானே ஊற்றி, அவர் கையில் கொடுத்தேன். குடித்தார். இன்னொரு டம்ளர் கேட்டுக் குடித்தார். “தேனாட்டம் இருக்கே!” என்று மகிழ்ந்து போனார். எனக்கு உள்ளுக்குள் ஏதோ லேசாக உறுத்தியது. ஆனால் பெண் லட்சணமாக இருந்தாள், எட்டாவது வரை படித்தும் இருந்தாள். உறுத்தலைத் தள்ளி வைத்தேன்.

கல்யாணம் நடந்தது. புதுப்பெண் ஏழு நாளைக்கு விருந்தாளி. அந்த ஏழு நாளும் அவளுக்குக் குடிக்க, காபிக்கு, பருப்புக்கு எல்லாம் தோப்புத் தண்ணீர். அதற்காக நான் தினம் ஒரு குடம் கூடுதலாகக் கேட்டு வாங்கி, சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்தேன். எட்டாம் நாள் காலையில் அம்மா குடத்தின் வாயைத் துணியால் இறுக்கிக் கட்டினாள். “ஆத்தா, இனி நீயும் வீட்டு ஆளு” என்று சந்தோஷமாகச் சொன்னாள். அன்றைக்குக் காபிக்கு வைத்த பால் திரிந்தது. பருப்பு வேகவே இல்லை. உலையில் கல்லைப் போட்ட மாதிரி கடகடவென்று சத்தம் போட்டது. என் மனைவி ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். முகம் மாறவில்லை. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

சாயங்காலம் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நின்றாள். போர்டில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். கீழே, ஒட்டியவன் என்று நான் போட்டிருந்த கையெழுத்தையும் பார்த்தாள்.

“ஏங்க, இந்தப் பேப்பர்ல இருக்குற தண்ணி எங்கன இருக்கு?”

தோப்புக் கதையை, மதுரைக்கு நல்லதை அனுப்புகிற மரியாதைக் கதையைச் சிரிக்கச் சிரிக்கச் சொன்னேன். நான் நன்றாகக் கதை சொல்வேன் என்று ஊரில் பெயர் உண்டு. அவள் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. “சரி, வாங்க” என்று நடந்தாள். அதற்குப் பிறகு தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பருப்பை முதல் நாளே ஊறப்போடக் கற்றுக்கொண்டாள். நானும் எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்துவிட்டேன். ஆண்பிள்ளைகளுக்கு அந்த ஒரு வசதி உண்டு. எதிராளி பேசாவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று அர்த்தம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அவளைச் சின்னமனூருக்கு அழைத்துப் போனார்கள். பெண் குழந்தை. மூன்று மாதம் கழித்து, இருவரையும் கூட்டி வரலாம் என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு போனேன். மாமனார் தலைவாழை இலை போட்டுச் சாப்பாடு போட்டார். “பிள்ளைக்குக் கொஞ்சம் சளியாம் மாப்ளே. இவதான் சொல்றா. இன்னும் கொஞ்ச நாள் இங்கன இருக்கட்டுமே” என்றார். குழந்தைக்குச் சளி இருந்த மாதிரியே தெரியவில்லை; என் விரலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது.

மனைவியிடம் தனியாகக் கேட்டேன். தொட்டிலை ஆட்டிக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “பிள்ளையத் தூக்கிட்டு அந்தத் தண்ணிக்கு நான் வரல. நல்ல தண்ணி வந்தாச் சொல்லி விடுங்க, வர்றேன்.”

“குழந்தைக்கு மட்டும் தோப்புத் தண்ணி கொண்டாறேன். தினமும் கொண்டாறேன்.”

“அவ விருந்தாளியா?”

பஸ் ஏறினேன். வீட்டில் அம்மா ஏணைத் தொட்டில் கட்ட உத்தரத்தில் கயிறு போட்டு வைத்திருந்தாள். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது. வெளியே சொல்லவில்லை, பிளீச்சிங் பவுடர் கண்ணில் பட்டுவிட்டது என்றேன்.

நல்ல தண்ணீருக்கு வழி இருந்தது. ஆற்றுக்குள் உறைகிணறு இறக்கி, அங்கிருந்து பைப் போட்டு மேட்டு ஊர்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் ஒன்று யூனியன் ஆபீசில் பேச்சில் இருந்தது. மறுநாளே ஆண்டிபட்டிக்குப் போய் ஓவர்சியர் முன்னால் நின்றேன். எங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒரு ஃபைலை எடுத்துத் தூசி தட்டினார்.

“உங்க ஊரா? உங்க ஊருக்கு எதுக்குய்யா? யூனியன்லயே நல்ல தண்ணி உங்க ஊர்லதான். இங்கேரு, எல்லா ரிப்போர்ட்டும் உகந்தது, உகந்தது, உகந்தது. ‘சுவை மிக நன்று’ன்னு எழுதியிருக்க. கலெக்டர் பாத்தாருன்னா உங்க ஊர்லயே குடி வந்துருவாரு.”

ஃபைல் முழுக்க என் கையெழுத்து. ஒவ்வொன்றும் முந்தையதைவிட அழகாக இருந்தது. அதற்குமேல் மறைத்து என்ன பயன்? தோப்பையும் குடத்தையும் பிரசிடெண்டையும் சொன்னேன். வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஓவர்சியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். இந்தத் தடவை என் கதைக்கு நல்ல வரவேற்பு.

“சரி, போ. குழாய்த் தண்ணியப் புடிச்சு அனுப்பு. ‘தண்ணியோட தன்மை மாறிப்போச்சு’ன்னு நான் எழுதிக்கிடுறேன். ஆனா ஒண்ணு, ரிப்போர்ட் வந்தா போர்டுல ஒட்டணும். ஒட்டலேன்னா லிஸ்டுல ஊரைச் சேக்கச் சொல்லி நான் எழுத முடியாது.”

பாட்டிலைத் தெருக்குழாயில் பிடித்தேன். குழாயடியில் நின்ற பெண்கள் குடங்களைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். விஷயம் எனக்கு முன்னால் பிரசிடெண்ட் வீட்டுக்குப் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“ஏலே, ஊரு மானத்தைப் பாட்டில்ல அடைச்சு அனுப்புறியா?”

“தண்ணியத்தாண்ணே அடைச்சிருக்கேன்.”

“எம் மகனுக்குப் பொண்ணு பேசியிருக்கேன். தேவதானப்பட்டியிலேருந்து வர்றாக. இப்பத்தான் உனக்குப் புத்தி வரணுமா?”

“எம் பொண்டாட்டியும் பிள்ளையும் வரலண்ணே.”

அவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். குழந்தைக்குச் சளி என்றுதான் ஊரில் எல்லோரிடமும் நான் சொல்லியிருந்தேன். சுற்றி நின்ற பெண்களில் ஒருத்தி, “அதுவும் சரிதானே. நாமதான் வாயில்லாம குடிக்கோம்” என்றாள். இன்னொருத்தி அவளை இடித்தாள். பிரசிடெண்ட் திரும்பி நடந்தார். நான் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஆண்டிபட்டி பஸ் ஏறினேன். வழியெல்லாம் அது குழந்தை மாதிரி கனத்தது.

ரிப்போர்ட் வந்தது. ‘உப்பும் கடினத்தன்மையும் மிகுதி. குடிக்க உகந்ததல்ல.’ அதே டைப், அதே முத்திரை. பசைக் கிண்ணத்தோடு போர்டுக்குப் போனேன். பிரசிடெண்ட் அங்கே எனக்கு முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார்.

“வெள்ளிக்கிழமை வர்றாக. சனிக்கிழமை ஒட்டு. ஒரு நாள்தானே கேக்குறேன்?”

அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. எனக்கும் மனசு இளகத்தான் செய்தது. என் வீட்டு விருந்தாளிக் குடமே அவர் கிணற்றுத் தண்ணீர்தான். ஆனால் சனிக்கிழமை என்று ஒப்புக்கொண்டால் அப்புறம் திங்கட்கிழமையாகும், அப்புறம் அடுத்த கல்யாணம் வரும் என்று எனக்குத் தெரியும். அந்தச் சோம்பேறித்தனத்தில் நானே ஊறியவன். “என் மாமனாரு வந்த அன்னைக்கும் இப்படித்தாண்ணே ஒரு நாள்னு நெனைச்சேன்” என்று சொல்லிவிட்டு ஒட்டினேன். அவசரத்தில் காகிதம் கோணலாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை தேவதானப்பட்டிக்காரர்கள் வந்தார்கள். பிரசிடெண்ட் அவர்களைப் போர்டு இல்லாத தெரு வழியாகச் சுற்றிக் கூட்டிப் போகப் பார்த்தார். ஆனால் எங்கள் போர்டின் புகழ் அதற்குள் தேவதானப்பட்டி வரை போயிருந்தது. பெண்ணின் தகப்பனார் அவராகவே கேட்டார். “அந்தத் தண்ணிப் பேப்பரு எங்கன ஒட்டியிருக்கு?” வேறு வழியில்லாமல் வந்தார்கள். நான் ஆபீசுக்குள் கதவிடுக்கில் நின்றேன்.

அந்த மனிதர் முழுக்கப் படித்தார். மீசையைத் தடவினார். பிறகு பிரசிடெண்டின் பக்கம் திரும்பி, நிஜமான ஆச்சரியத்தோடு கேட்டார்.

“என்னங்க இது, குழாய்த் தண்ணியவா அனுப்புனீக?”

பிரசிடெண்ட் தலை குனிந்தார்.

“எங்க ஊர்ல பெருமாள் கோயில் கிணத்துல புடிச்சுல்ல அனுப்புவோம்! குழாய்த் தண்ணிய யாராச்சும் வெளியூருக்கு அனுப்புவாகளா?”

பிரசிடெண்ட்தான் முதலில் சிரித்தார். அவர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். கதவுக்குப் பின்னால் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். சம்பந்தம் அன்றைக்கே முடிவானது. போகும்போது அந்த மனிதர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, குழாய்த் தண்ணீரை அனுப்பினால் திட்டத்தில் சேர்ப்பார்களா என்று மெதுவாக விசாரித்தார்.

ஆனால் நான் சந்தோஷப்பட்டுக்கொண்டு ஆண்டிபட்டிக்குப் போனபோது ஓவர்சியர் உதட்டைப் பிதுக்கினார். அந்த வருஷப் பட்டியல் முடிந்து மேலே போய்விட்டதாம். அடுத்த பட்டியலில் கட்டாயம் உண்டு என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, அடுத்ததில் சேர்ந்தோம். ஆனால் ஆற்றுத் தண்ணீர் எங்கள் குழாயில் வந்தபோது என் மகள் தெருவில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாதே. நல்ல தண்ணீர் வரவில்லை, எப்போது வருமோ தெரியாது, என் கையில் இருந்தது ‘உகந்ததல்ல’ என்ற ஒரு காகிதத்தின் நகல் மட்டும்தான். அதோடு சின்னமனூர் பஸ் ஏறினேன்.

மாமனார் வயலுக்குப் போயிருந்தார். குழந்தை குப்புற விழுந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. யார் இந்த ஆள் என்கிற பார்வை. மனைவியிடம் காகிதத்தைக் கொடுத்தேன். “லிஸ்டு முடிஞ்சு போச்சு. இந்த வருசம் தண்ணி வராது” என்றேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

அவள் படித்தாள். “போர்டுல ஒட்டியாச்சா?”

“ஒட்டியாச்சு.”

“பிரசிடெண்டு ஒண்ணும் சொல்லலையா?”

“வைதாக. கெஞ்சுனாக. ஒட்டிட்டேன்.”

காகிதத்தை மடித்தாள். மறுபடி விரித்தாள்.

“தண்ணிக்கா நான் வராம இருந்தேன்? அன்னைக்குக் கோவத்துல அப்படிச் சொன்னேன். வாக்கப்பட்டுப் போறவளுக எல்லாம் வாய்க்காத் தண்ணிக்கா போறாளுக? எங்கப்பா உங்க வீட்டுக்கு வந்துட்டுத் திரும்பி, ‘மாப்பிள்ளை அவுக கையாலேயே ஊத்திக் குடுத்தாக, தேனாட்டம் இருந்துச்சு’ன்னு தெரு முழுக்கச் சொன்னாரு. நான் எட்டாம் நாளு அந்தத் தண்ணியக் குடிச்சேன். எங்கப்பாகிட்டச் சொல்லல. இத்தனை மாசமா இங்கனயே இருக்கேன், இன்னும் சொல்லல. பிள்ளைக்குச் சளி, பிள்ளைக்குச் சளின்னு நானும் பொய் சொல்லிக்கிட்டுத் திரியுறேன்.” காகிதத்தை என் கையில் வைத்தாள். “இதை நீங்க அவருகிட்டக் காட்டுங்க. காட்டுனா வர்றேன்.”

ஓவர்சியரிடம் சொன்னேன், சிரித்தார். ஊரில் சொன்னேன், வைதார்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. மாமனார் வருகிற வரைக்கும் வாசலுக்கும் திண்ணைக்குமாக நடந்தேன். அந்த மனிதர் என்னை ஒரு தடவை கூட மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை. வைகிறவராக இருந்தாலாவது தேவலை.

காலைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். காகிதத்தை நீட்டினேன். கண்ணாடி இல்லை என்றார். “நீங்களே படிங்க மாப்ளே.”

படித்தேன். உப்பு, கடினத்தன்மை, உகந்ததல்ல, எல்லாவற்றையும். ஊர்ப் பெயரையும் படித்தேன். அவருக்கு உடனே விளங்கவில்லை.

“இது எந்தத் தண்ணி?”

“எங்க ஊருக் குழாய்த் தண்ணி மாமா.”

“அன்னைக்கு நான் குடிச்சேனே, தேனாட்டம்?”

“அது விருந்தாளிக்கு வைக்கிற தண்ணி மாமா. தோப்புலேருந்து கொண்டாறது. வீட்டு ஆளுக அதைக் குடிக்கிறதில்ல.”

வாசலில் ஓடுகிற வாய்க்காலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“அப்ப எம் மக ஒரு வருசமா எதைக் குடிச்சா?”

என் வாழ்க்கையில் அப்படி வெட்கப்பட்டதில்லை, அதற்குப் பிறகும் இல்லை. அவர் எழுந்து உள்ளே போனார். உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. அவருடையது கொஞ்சம், மகளுடையது நிறைய. நான் எழுந்து போய்விடலாமா, உட்கார்ந்தே இருக்கலாமா என்று தெரியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே வந்தபோது மனைவி சேலை மாற்றியிருந்தாள், கையில் துணிப்பை. குழந்தை மாமனார் தோளில். நாலு பேருமாக வாய்க்கால் கரையோடு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வழியில் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையிடம் மட்டும், அது கொக்கு, இது நாற்று என்று காட்டிக்கொண்டே வந்தார்.

தேனி பஸ் வந்தது. மனைவி ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து குழந்தைக்குக் கையை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை. நான் ஏறி அவள் பக்கத்தில் உட்காரும் வரை நின்றார். பிறகு ஜன்னல் வழியாக, மகள் கையைத் தாண்டி, பிள்ளையை என் கையில் வைத்தார்.

“பாத்துப் புடிங்க மாப்ளே” என்றார்.